அம்மான் கத்தி கேட்ட பாஸ்டா சலட்

விருந்தாளியாக இருப்பது சுகம் என்று நினைப்பவர்கள் எந்த வீட்டிலும் ஒரு வாரத்துக்கு மேல் விருந்தாளியாக இருந்திருக்க மாட்டார்கள். நான் மூன்று மாதம் இருந்தேன். அதுவும் என் சொந்த வீட்டில்.

சொந்த வீடு என்பது கொஞ்சம் அதிகம்தான். எங்கள் மட்டக்களப்புப் பக்கம் வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகவேண்டும். நானும் வாவிக்கரையில் இருந்த தர்ஷினியின் வீட்டுக்கு ஒரு பெட்டி, ஒரு மடிக்கணினி, ஒரு பூப்பந்து மட்டையோடு போய்ச் சேர்ந்தேன். (மட்டையை ஏன் கொண்டுபோனேன் என்று இன்றுவரை தெரியவில்லை. எனக்கு விளையாடத் தெரியாது.)

அந்த வீட்டில் மாமி இருந்தார், தர்ஷினியின் அம்மா. மருமகனோடு மாமி நேருக்கு நேர் கதைப்பதில்லை என்பது பழைய மரியாதை. பல வீடுகளில் அது எப்போதோ போய்விட்டது. எங்கள் வீட்டில் போகவில்லை. நான் முன்னறையில் இருந்தால் மாமி வளவைச் சுற்றிப் பின்வாசலால் போவார். எனக்குச் சொல்லவேண்டியதைத் தர்ஷினியிடம் சொல்வார். தர்ஷினி ஆஸ்பத்திரியில் தாதி. அவள் வேலைக்குப் போய்விட்டால் சுவரிடம் சொல்வார். “தேத்தண்ணி ஆறுது” என்று கதவு நிலையைப் பார்த்து ஒரு குரல் வரும். நான் “ஓம், குடிக்கலாம்” என்று ஜன்னலைப் பார்த்துப் பதில் சொல்வேன். வெளியில் இருந்து பார்த்தவர்கள் இரண்டு பேருக்கும் ஏதோ பிசகு என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஒருநாள் நல்ல பெயர் எடுக்கும் ஆசையில் சோறு சாப்பிட்ட கோப்பையை நானே கழுவி வைத்தேன். வேலை முடிந்து வந்த தர்ஷினி என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, மாமி தந்த கோப்பை ஊத்தையாக இருந்ததா என்று கேட்டாள். அப்படி எண்ணிக்கொண்டு மாமி மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம். அதன் பிறகு குசினிப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. முதல் சோறு எனக்கு, மீன் தலை எனக்கு, காற்று வரும் கதிரை எனக்கு. ராசா மாதிரி வைத்திருந்தார்கள். ஆனால் ராசாவிடம் யாரும் பகிடி விடுவதில்லையே. மாமி என்னைப் பார்த்து ஒரு சொல் சொன்னால் போதும், பேச்சு வாங்கினாலும் பரவாயில்லை என்று இருந்தது. இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் தர்ஷினியிடம்கூடச் சொல்லவில்லை.

அப்போதுதான் அம்மான் வருவதாகச் செய்தி வந்தது. மாமியின் அண்ணன், களுதாவளையில் இருப்பவர். இந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. கல்யாணத்தன்று அவர் என்னிடம், பாசிக்குடா ஹோட்டலில் வேலை என்றால் நன்றாகச் சமைப்பீர்களாக்கும் என்று கேட்டிருந்தார். நான் வரவேற்பு மேசையில் நின்று அறைச் சாவி கொடுப்பவன். அதை அங்கேயே சொல்லியிருக்கலாம். மாலையும் கழுத்துமாக நின்றவன் ஒரு புன்சிரிப்போடு தலையை ஆட்டி வைத்தேன். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் மனிதர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மருமகன் கையால் சாப்பிட வருகிறார்.

தர்ஷினிக்கு அன்று காலை வேலை. உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றாள். நான் கேட்கவில்லை. ஹோட்டலில் வெள்ளைக்காரருக்கு வைக்கும் பாஸ்டா சலட் மிஞ்சினால் எங்களுக்கும் வரும். அந்த ருசி நாக்கில் இருந்தது. அவித்து, கலந்து, குளிரவைத்தால் சரி, இதிலென்ன வித்தை இருக்கிறது என்று நினைத்தேன். “அப்ப அம்மாக்குச் சொல்லிப்போட்டுப் போறன், குசினியக் கொஞ்சம் விட்டுக் குடுக்கச் சொல்லி” என்றாள் தர்ஷினி.

மாமி விட்டுக்கொடுத்தார். விடியற்காலையிலேயே சோறும் மீன்கறியும் ஆக்கி ஓரத்தில் மூடி வைத்துவிட்டு, பின்படியில் போய் இருந்துகொண்டார். அன்று அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. பின்னாளில் யோசித்துப் பார்த்தேன். வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்தவர் அவர். மாமாவும் இல்லை. தான் ஆண்ட வீட்டில் அவரும் ஒரு வகையில் விருந்தாளிதான். மிச்சம் இருந்தது குசினி ஒன்று. அதையும் ஒரு காலைப்பொழுதுக்கு நான் கேட்டு வாங்கிவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் மனம் கொஞ்சம் சுருங்கும்.

சமையலில் குறை சொல்ல முடியாது. சுருள் பாஸ்டாவை உப்புத் தண்ணீரில் அளவாக அவித்து வடித்தேன். வாவி இறாலை உள்ளியும் மிளகும் போட்டுப் பிரட்டினேன். வெள்ளரிக்காய், தக்காளி, சின்ன வெங்காயம், கொஞ்சம் மாங்காய், இடித்த செத்தல் மிளகாய், இரண்டு தேசிக்காயைப் பிழிந்த புளி. ஒலிவ் எண்ணெய் வேண்டும் என்று போனில் சமையல் காட்டிய பெண் சொல்லியிருந்தாள். டவுனில் எனக்குக் கிடைத்தது குழந்தைகளுக்குத் தேய்க்க மருந்துக்கடையில் விற்கும் சின்னப் போத்தல் மட்டும். எண்ணெய் எண்ணெய்தானே என்று மாமியின் தேங்காய் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினேன். ஒரு வாய் அள்ளிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. அந்தப் புளிப்புக்கும் இறாலுக்கும் மாங்காய்க்கும் அம்மான் என்னைத் தோளில் தூக்கிவைத்து ஆடியிருப்பார். அத்தோடு நின்றிருக்கலாம். நன்றாகக் குளிரட்டும் என்று ஃபிரிட்ஜின் திருகியை எவ்வளவு தூரம் திருப்ப முடியுமோ அவ்வளவு தூரம் திருப்பி, சட்டியை உள்ளே வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

எங்கள் ஊர் வெயிலில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் தண்ணீர் மாதிரித்தான் இருக்கும். அது உறையும் என்று நான் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கக்கூடும். படித்தது எதுவும் தேவைப்படும் நேரத்தில் எனக்கு வந்ததில்லை.

அம்மான் வந்து, கைகால் கழுவி, மேசையில் அமர்ந்தார். நான் சட்டியை எடுத்துக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து மூடியைத் திறந்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று மெழுகு பூசின மாதிரி ஒரு கட்டி. இறால்கள் ஆங்காங்கே வாலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அம்மான் கரண்டியைக் குத்தித் தூக்கினார். கரண்டியோடு முழுச் சலட்டும் எழும்பி வந்தது. அதைப் பக்குவமாகத் திரும்பச் சட்டிக்குள் இறக்கினார்.

“மருமகன், கத்தி ஒண்டு கொண்டாங்க” என்றார்.

நான் கொண்டுவந்தேன். (கொண்டுவந்தேனே, அதுதான் வெட்கம். மன்னிப்புக் கேட்காமல் கத்தி எடுக்கப் போனேன்.) அவர் ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டு நெடுநேரம் மென்றார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. தச்சன் பலகையைப் பார்ப்பதுபோல மிச்சத்தைப் பார்த்தார்.

“இதுக்க ஒரு திரிய வச்சா பிள்ளையாருக்குக் கொளுத்தலாம்” என்றார்.

எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. இனி ஆயுள் முழுக்க இந்த வீட்டில் நான் மரியாதையான விருந்தாளிதான், அதற்கு மேல் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தோன்றியது. அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல், நிலையைப் பார்த்து, “சூடு காட்டினா இளகும்” என்றது. நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடினேன்.

நான் நிற்கும் இடத்தில் மாமி நிற்பதில்லை. அன்று வேறு வழியில்லை. அண்ணன் பசியோடு இருக்கிறார். மாமி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தாச்சியை அடுப்பில் வைத்து, கட்டியைப் போட்டுக் கிளறினார். அது இளகியது. எண்ணெய் மேலே மிதந்தது, வெள்ளரிக்காய் வெந்து துவண்டது. எண்ணெயை அடக்க மாமி தேங்காய்ப்பாலைக் கையில் எடுத்தார். எடுத்தவர், அடுப்பைப் பார்த்து, “புளி கிளி விட்டிரிக்கோ தெரியா” என்றார்.

வழக்கமாக நான் ஜன்னலிடம் பதில் சொல்பவன். நான் நின்ற மூலையில் ஜன்னல் இல்லை. மாமியின் முதுகைப் பார்த்துச் சொல்வது மரியாதையா, சுவரைத் தேடித் திரும்புவதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பால் தாச்சிக்குள் போய்விட்டது. தேங்காய்ப்பால் சொதிக்கே அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் புளி விடுவார்கள். இரண்டு தேசிக்காய்ப் புளியோடு கொதித்துக்கொண்டிருந்ததில் பால் விழுந்ததும் நொடியில் திரைந்தது. தண்ணீர் ஒரு பக்கம், திட்டுத்திட்டாகப் பால் ஒரு பக்கம், நடுவில் சுருள் சுருளாகப் பாஸ்டா. சமையலில் கை தவறாத மனுசி அகப்பையால் அதைக் கிளறிப் பார்த்தார். பிறகு திரும்பி என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“புளி விட்டிரிக்கெண்டு ஒரு வாய்ச்சொல்லுச் சொன்னா என்ன மகன்?”

“நீங்க என்னட்டக் கேக்கல்லையே மாமி.”

“மறுகா ஆரிட்டக் கேட்டன்? அடுப்பிட்டயா?”

இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்தோம். மாமிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. நானும் சிரித்தேன். எனக்குக் கண்ணிலும் தண்ணீர் வந்தது, அது மிளகாய்ப் புகையால் என்று சொன்னால் பொய். வேலை முடிந்து வந்த தர்ஷினி வெள்ளைச் சீருடையோடு குசினி வாசலில் நின்று, “ரெண்டு பேரும் ஆரோட கதைக்கிறீங்க?” என்று கேட்டாள்.

அம்மான் மீன்கறியோடு சோறு சாப்பிட்டார். மருமகன் கையால் சாப்பிடுவதாகச் சொன்ன வாக்குக்காகத் திரைந்த பாஸ்டாவிலும் ஒரு அகப்பை போட்டுத் தின்றார். கட்டியாக இருந்தபோது இதைவிட நன்றாக இருந்தது என்பது அவருடைய முடிவு.

அதன் பிறகு மாமி சுவரிடம் கதைக்கவில்லை. மூன்று மாதமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் ஒரு கிழமைக்குள் என்னிடமே சொல்லி முடித்தார். ஈரத் துவாயைக் கதிரையில் போடுவது, கேற்றைப் பூட்டாமல் போவது, மீன் தின்னத் தெரியாதது, எல்லாம் வந்தது. மீன் தலை இப்போது முதலில் வந்து இருப்பவருக்கு. “அடுப்பிட்டயா கேட்டன்?” என்பது எங்கள் வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது. நான் போனை நோண்டிக்கொண்டு பதில் சொல்லாமல் இருந்தால் என் நாலு வயது மகள் இடுப்பில் கைவைத்து அதைத்தான் கேட்கிறாள். அம்மான் இப்போதும் வருமுன் தொலைபேசி எடுத்து, கத்தி கொண்டுவரவா என்று விசாரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் காற்று வரும் கதிரையில் சாய்ந்த உடனே மாமி குசினியிலிருந்து எட்டிப் பார்ப்பார். “சும்மாதானே இரிக்கிறீங்க மகன், இந்தத் தேங்காயத் திருவித் தாங்களன்” என்பார். விருந்தாளியிடம் யாரும் தேங்காய் திருவச் சொல்வதில்லை. நான் எழும்பிப் போய்த் திருவலையில் குந்துவேன். பாதி திருவுவதற்குள், சிரட்டையையும் சேர்த்துத் திருவுகிறேன் என்று பேச்சு விழும், என்னைப் பார்த்து.