அமைச்சரின் உறவினர்கள்

வேங்கைநாட்டுக்கு ஓர் ஆறுதான் எல்லை. பழைய மன்னர் காலத்தில் கால்வாய் வெட்ட ஆள் போதவில்லை என்று அக்கரையிலிருந்து மக்களைக் குடும்பம் குடும்பமாக அழைத்து வந்தார்கள். அப்படித் தாயின் இடுப்பில் உட்கார்ந்து வந்தவள் அஞ்சுகம். வளர்ந்து ஊருக்கே மருத்துவச்சி ஆனாள். கால்வாயில் தண்ணீர் ஓடி, வயல் விளைந்து, எல்லோர் வயிறும் நிறைந்த பிறகு, நாட்டில் அயலார் பெருகிவிட்டார்கள் என்ற கவலை புதிய மன்னருக்கு வந்தது.

எல்லைக்காவல் அமைச்சர் பரிதிவாணர் முரசறைந்தார். அக்கரையில் பிறந்த எவரும் அரண்மனைக்கு வந்து, இங்கே வசிக்க அனுமதி பெற வேண்டும்.

அஞ்சுகம் ஓடி ஒளியவில்லை. வெளுத்த சேலை உடுத்திக்கொண்டு நேரே அரண்மனைக்குப் போனாள். வாசலிலேயே அவள் கையைக் கட்டினார்கள்.

"அனுமதி கேக்கத்தானே வரச் சொன்னீங்க?" என்றாள்.

"நீ கேட்டதிலிருந்தே உன்னிடம் அனுமதி இல்லை என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது," என்றார் பரிதிவாணர். "ஆதாரமின்றி எவரையும் இந்த அரசு தண்டிப்பதில்லை."

அவளை ஆற்றைக் கடத்திவிடும் வேலை படகோட்டி சிங்காரத்தின் தலையில் விழுந்தது. அவன் பிள்ளைகளைப் பூமியில் இறக்கியவள் அவள்தான். வழிநெடுக அவன் அவளுக்கு முதுகைக் காட்டியபடியே துடுப்புப் போட்டான். இறங்கும்போது அவளே சொன்னாள்: "உன் தங்கச்சிக்கு மாசம் நெருங்குது தம்பி. பிள்ளை குறுக்க கிடக்கு. விவரம் தெரிஞ்சவங்க யாரையாச்சும் பக்கத்துல வச்சுக்கோ."

ஊரில் அப்படி யாரும் மிச்சமில்லை. தங்கை செண்பகம் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

சிங்காரம் அரண்மனைக்குப் போனான். மற்றவர்களுக்காவது ஆகட்டும், அந்த அம்மாவைத் திருப்பிக் கூப்பிடுங்கள் என்று மன்றாடினான்.

"தடையே இல்லை," என்றார் அமைச்சர் மிகுந்த பரிவோடு. "அவள் முறைப்படி விண்ணப்பிக்கலாம்."

"எங்கங்க ஐயா குடுக்கணும்?"

"இங்கேதான். நேரில் வந்து."

"அவங்கதான் இங்க வரக் கூடாதே."

"ஆகவேதான் விண்ணப்பங்கள் குவிவதில்லை. நிர்வாகம் சீராக நடக்கிறது."

சிங்காரம் திரும்பி வந்து படகின் விளிம்பைக் கால் வலிக்கும்வரை உதைத்தான்.

அடுத்த ஆணை, அயலாருக்கு ஒரு வாய் சோறு போட்டவர்களின் வீட்டுக் கூரையைப் பிரிக்கச் சொன்னது. அதற்குப் பயந்து எஞ்சியிருந்தவர்களும் ஆற்றைக் கடந்து போனார்கள். அறுக்க ஆளில்லாமல் நெல் வயலிலேயே உதிர்ந்தது. அமைச்சர் அதையும் விசாரித்து, இது அயலாரின் சதி என்று கண்டுபிடித்தார். போகும்போது வேலை செய்யும் கைகளையும் அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம்.

அப்படியிருக்க, அமைச்சரின் மருமகளுக்கே வலி கண்டது. அரண்மனை வைத்தியர்கள் கையைப் பிசைந்தார்கள். வேறு வழியில்லாமல் பரிதிவாணர் மருமகளைச் சிங்காரத்தின் படகில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார்.

அஞ்சுகம் கரைக்கு வந்தாள். அமைச்சரைப் பார்த்தாள். முடியாது என்று சொல்லிவிடுவாளோ, சொல்லிவிட்டால்தான் என்ன என்று சிங்காரத்துக்கு ஒரு கணம் தோன்றியது. அவளோ கையைக் கழுவிக்கொண்டு, "ஆம்பளைங்க தள்ளி நில்லுங்க," என்று மட்டும் சொன்னாள். ஆண் குழந்தை பிறந்தது. தாயும் நலம்.

திரும்பி வந்தபோது கரைக் காவலன் படகை மறித்தான்.

"ஐயாவும் அம்மாவும் போகலாம். குழந்தை அக்கரையில பொறந்திருக்குதுங்க."

"அது என் பேரன்."

"ஆணையில எவரும்னு போட்டிருக்குங்க. ஐயா எழுதினதுதான்."

வெயில் ஏறியது. சிங்காரம் துணிந்து வாய் திறந்தான். "ஆணையையே மாத்திடலாமேங்க ஐயா. இத்தனை காலம் இங்க பாடுபட்டவங்க இங்கயே இருக்கட்டும்னு ஒரு வார்த்தை சேத்தாப் போதும்."

"கண்ணீருக்கு இரங்கினால் நாடு தாங்காது," என்ற அமைச்சர், நின்ற இடத்திலேயே ஒரு துணை ஆணை பிறப்பித்தார். அக்கரையில் பிறந்தாலும் அமைச்சரின் உறவினர்கள் தடையின்றி நுழையலாம், வாழலாம்.

"உறவினர்தான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கிறது?" என்றான் காவலன்.

குழந்தை வீறிட்டது. "படகோட்டி சொன்னால் போதும். வழியை விடு," என்றார் அமைச்சர்.

மன்னர் அதற்குக் கருணைச் சட்டம் என்று பெயர் சூட்டினார். வீதியெங்கும் தோரணம் கட்டினார்கள். சிங்காரம் வீடு திரும்பினான். செண்பகம் வாசலில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை வெறும் படகோடு அக்கரைக்குப் போனான்.

"ஏறுங்கக்கா."

"திரும்பவும் என்னைக் கட்டுவாங்க தம்பி."

"ஏறுங்க, பாத்துக்கலாம்."

கரையில் காவலன் கேட்டான், "யாரு இது?"

"அமைச்சரோட அக்கா."

காவலன் அஞ்சுகத்தை நெடுநேரம் பார்த்தான். அவன் வீட்டிலும் அது நிறைமாதம். "வாங்கம்மா," என்று விலகி நின்றான்.

அடுத்த நடையில் அமைச்சரின் மாமன்மார் வந்தார்கள். அதற்கடுத்து கொழுந்தியாள்கள், சகலைகள், ஒன்றுவிட்ட தம்பிகள். செய்தி கேட்டு அமைச்சர் கொதித்தார். ஆணையை ரத்து செய்ய எழுந்தும் விட்டார். ரத்தானால் பேரனை ஆற்றைக் கடத்த வேண்டியிருக்கும் என்று யாரோ நினைவூட்ட, உட்கார்ந்துவிட்டார்.

வேங்கைநாட்டுச் சட்டம் இன்றும் கடுமை குறையாமல்தான் இருக்கிறது. ஆனால் அமைச்சர் வீதியில் வரும்போது, நாற்று சுமந்து போகிறவர்கள் நின்று, "சித்தப்பா, சௌக்கியமா?" என்று விசாரிக்கிறார்கள். பக்கத்தில் காவலர்கள் பார்த்துக்கொண்டிருப்பதால், சௌக்கியம் என்று அவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.