பதிமூன்று மருமகள்கள்

"வரி கட்ட மாட்டோம்! எங்களைக் கேக்காம போட்ட வரியை நாங்க ஏன் கட்டணும்?"

அஸ்மாவின் குரல் மாடிப்படி வரை கேட்டது. அவள் கணவன் ஷாநவாஸ் குடைக்கடையை அடைத்துவிட்டு அப்போதுதான் ஏறிவந்துகொண்டிருந்தான். மிச்சப் படிகளைத் தாவிக் கடந்து கதவைச் சாத்தினான்.

"புள்ள, என்ன பேச்சு இது? சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரு இருக்கான்னு தெரியுமில்ல?"

"தெரியாம என்ன? ஊ திண் சோ. வார்டு ஆபீஸ்காரர், சர்க்கார் ஆளு. ஆனா இதை நான் சொல்லல மச்சான், அமெரிக்காக்காரன் சொன்னான். அவன் சொல்லி இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"சொன்னவன் தப்பிச்சுட்டான். மாட்டப்போறது நாம!"

பர்மாவில் ராணுவ ஆட்சி நடந்து, யாங்கோனில் பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்த காலம் அது. அஸ்மாவின் படிப்பு கடைசி வருஷத்தில் அந்தரத்தில் நின்றது. எங்கோ ஒரு வெளிநாட்டுக் கல்லூரி தபாலில் படிக்க உதவித்தொகை தருவதாகச் சொல்லிப் பரீட்சை வைத்தது. பாடம், அமெரிக்காவின் ஆரம்பகால வரலாறு. தேறினால் படிப்பு, படித்து முடித்தால் பட்டம். பட்டம் வந்தால், அவள் சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட டீச்சர் வேலை.

சிக்கல் ஒன்றுதான். சத்தம் போட்டுப் படித்தால்தான் அவள் மண்டையில் ஏறும். இங்கிலீஷில் ஒரு வரி வாசிப்பாள், அதைத் தமிழில் தனக்குத்தானே விளக்கிக்கொள்வாள். ஊ திண் சோவோ பர்மாக்காரராக இருந்தாலும் தமிழ்க் கடைத்தெருவில் வளர்ந்தவர். தமிழில் திட்டினால் தமிழிலேயே திருப்பித் திட்டுவார். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்தது வெறும் பலகைச் சுவர்.

"மனசுக்குள்ள படியேன்" என்று கெஞ்சினான் ஷாநவாஸ்.

படித்துப் பார்த்தாள். மறுநாள் வாஷிங்டன் எந்தப் பக்கம் சண்டை போட்டார் என்பதே மறந்துபோயிற்று. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுதால் ஷாநவாஸுக்குத் தாங்காது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான்.

"இங்கிலாந்து ராஜான்னு சொல்லாத. மாமியார்னு சொல்லு. அவருக்குக் கீழே இருந்த பதிமூணு நாடும் பதிமூணு மருமகளுங்க. மாமியாரைத் திட்டினதுக்காக இதுவரைக்கும் யாரையும் பிடிச்சுட்டுப் போனதில்ல."

படிப்பு சூடு பிடித்தது.

"தண்ணிக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு, இங்க எங்க அடுப்புக்கு ஏன் சட்டம் போடறா மாமியார்? அவ தேயிலையைப் பெட்டி பெட்டியாத் தண்ணியில கொட்டுங்கடி!"

ஷாநவாஸ் நிம்மதியாகத் தூங்கினான். ஆனால் மேலிருந்து இதையெல்லாம் கேட்ட கீழ்வீட்டுத் தைலம்மாளுக்குத் தூக்கம் போயிற்று. தன்லியின் என்ற ஊரில் இருக்கும் கோயிலுக்கு அவள் பஸ் ஏறும் வழக்கம் உண்டு. அதே ஊரில்தான், ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஷாநவாஸின் உம்மா இருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வீடு திரும்பியவனை, கூடத்தில் ஒரு தகரப்பெட்டியும் அதன்மேல் உம்மாவும் வரவேற்றார்கள். வாசலில் தைலம்மாள் காவல் நின்றாள்.

"நான் பெருநாளுக்கு அனுப்பின தேயிலையை உன் பொண்டாட்டி தண்ணியில கொட்டிட்டாளாமே!"

"அது வேற தேயிலை உம்மா."

"அது கிடக்கட்டும். பதிமூணு மருமகளாமே! எனக்கு இருக்கறது ஒரே மகன். மீதிப் பன்னெண்டு பேரு யாருடா?"

"அதைத்தான் தம்பி நானும் கேக்கறேன்" என்றாள் தைலம்மாள்.

அஸ்மா குறுக்கே வந்தாள். "மாமி, அது அமெரிக்கா!"

உம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லாஹ்! அமெரிக்காவுல வேற ஒருத்தியை வச்சிருக்கானா?"

ஷாநவாஸுக்குப் பொறுமை போயிற்று. உம்மாவின் காதருகே குனிந்து தொண்டை கிழியக் கத்தினான்.

"அது மாமியாரே இல்ல உம்மா! ராஜா! அநியாயம் பண்ணின ராஜாவை ஜனங்க சேர்ந்து விரட்டினாங்க! எங்களை நாங்களே ஆண்டுக்கறோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க! எல்லா அதிகாரமும் ஒரே ஆள் கையில இருந்தா ஆபத்துன்னு மூணாப் பிரிச்சு, ஒண்ணை ஒண்ணு கண்காணிக்க வச்சாங்க!"

கத்தி முடித்த பிறகுதான் அவனுக்குச் சுவர் ஞாபகம் வந்தது.

உம்மாவின் முகம் மலர்ந்தது. தெருவுக்கே கேட்கும்படி, "அப்படியா! ரொம்ப நல்ல காரியம் பண்ணியிருக்காங்க!" என்றார்.

படியில் செருப்புச் சத்தம். தைலம்மாள் எட்டிப் பார்த்தாள். அடுத்த கணம் அவளைக் காணோம்.

ஊ திண் சோ உள்ளே வந்தார். சட்டைப் பொத்தான் கழுத்து வரை போட்டிருந்தார். கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். 

அஸ்மா முன்னால் வந்து நிமிர்ந்து நின்றாள். 

"படிச்சது நான்தான். இவருக்கு ஒண்ணும் தெரியாது."

இத்தனை நாள் பயந்தே செத்த ஷாநவாஸ், தன் கால்கள் தானாக நகர்ந்து அவளை மறைத்து நிற்பதைத் தானே அதிசயமாகப் பார்த்தான்.

"இல்ல, கத்தினது நான். என்னைக் கூட்டிட்டுப் போங்க. அவ பரீட்சை எழுதட்டும்."

"பரீட்சை!" என்று பல்லைக் கடித்தார் ஊ திண் சோ. "அதைப் பத்திப் பேசத்தான் வந்தேன். என் மகளும் அதைத்தான் எழுதறா."

 அவர் அஸ்மாவைப் பார்த்துப் புலம்பினார்.

"அவளுக்குப் புத்தகம் கிடைக்கலன்னு, நீங்க படிக்கறதைச் சுவத்தோரம் உக்காந்து கேட்டு நான்தாம்மா பர்மா பாஷையில சொல்லிக் கொடுத்தேன். நேத்து டியூஷன்ல வச்ச டெஸ்ட்ல, அமெரிக்காவை ஆண்டது யாருன்னு கேட்டதுக்கு 'மாமியார்'னு எழுதிட்டு வந்து நிக்கறா!"