கதவில்லாத நிலையும் குசினி அண்ணையின் நேர்த்தியும்

உலகத்திலுள்ள அத்தனை தெய்வங்களும் தன் வரவுக்காகவே வாசலில் காத்து நிற்பதாக நம்பியவர், எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் குசினி அண்ணை. சொந்தப் பெயர் ஏதோ இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. எண்பதுகளின் நடுவில் டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் நாங்கள் சில யாழ்ப்பாணத்துப் பொடியன்கள் ஒரே மாடியில் குடியிருந்தோம். அண்ணை சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பல் கரையில் நிற்கும் நாட்களில் எங்கள் குசினிக்கும் அவர்தான் அதிகாரி.

அப்போது ஓகூஸில் நமக்கென்று கோயில் கிடையாது. அது எங்களுக்குத்தான் குறை, அண்ணைக்கு இல்லை. ஞாயிறு தோறும் தெருமுனைத் தேவாலயத்துக்குப் போவார். பனி கொட்டினாலும் சப்பாத்தை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். வெளியே வரும்போது சப்பாத்து நிறையப் பனி இருக்கும்.

"அண்ணை, இஞ்ச எல்லாச் சனமும் சப்பாத்தோடதானே போகுது?"

"அவை உள்ளூர்ச் சனம், உரிமையோட போவினம். வந்த இடத்தில நாங்கள்தான் மரியாதை காட்ட வேணும்."

கொஞ்ச நாளில் தேவாலயத்தாரே அவர் சப்பாத்தை மூடிவைக்க ஒரு பழைய வாளியை வாசலில் வைத்துவிட்டார்கள்.

இந்த மனிதரைக் கப்பல் ஜப்பானில் கொண்டுபோய் இறக்கினால் சும்மா இருப்பாரா? கோபேயில் மற்ற மாலுமிகள் கடைத்தெருவுக்குப் போக, இவர் தன்னந்தனியாகக் கோயில் தேடிப் புறப்பட்டார். அகப்பட்டது ஒரு ஷிண்டோ கோயில். முன்னால் செக்கச்செவேல் என்று இரண்டு தூண், மேலே குறுக்குச் சட்டம், அவ்வளவுதான்.

"கதவு நிலை மட்டும் நிக்குது, கதவைக் காணேல்லை. மேசனோட கொழுவிச் சண்டை பிடிச்சிட்டினம் போல எண்டு நினைச்சன்" என்பார்.

உள்ளே தொட்டியில் தண்ணீர், பக்கத்தில் மூங்கில் அகப்பை. வந்தவர்கள் கையையும் வாயையும் கழுவ வைத்தது. அண்ணை நம் வழக்கப்படி காலைத் தூக்கித் தொட்டி விளிம்பில் வைத்து, அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றிக் கழுவினார். விளக்குமாற்றோடு ஓடி வந்த கிழட்டுக் குருக்கள் ஈரக் காலைப் பார்த்தார், அண்ணையின் முகத்தைப் பார்த்தார், தோளில் கிடந்த துவாயை எடுத்து நீட்டினார்.

பிறகுதான் பெரிய குழப்பம். சனங்கள் சந்நிதியில் குனிந்து, கைதட்டிக் கும்பிட்டார்கள். நம் சிவன் கோயில்களில் எல்லாம் கும்பிட்டு முடித்துக் கடைசியில் கைதட்டி விடைபெறுவது சண்டேசுவரரிடம். அண்ணைக்கு உடனே விளங்கிவிட்டது.

"இவர் சண்டேசுவரர். அப்ப சிவன் எங்கையோ உள்ளுக்கை இருக்க வேணுமே!"

சிவனைத் தேடிக் கோயிலை வலம் வந்தார். குருக்கள் பின்னால் வந்தார். மறுபடி வலம் வந்தார். கடைசியில் குருக்களே களைத்துத் தன் அறையைத் திறந்து, உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்.

"சிவனைக் காணேல்லையடா. ஆனா சிவனடியாரைக் கண்டிட்டன்."

அந்த அடியாருக்கு முன்னால்தான் அண்ணை நேர்த்தி வைத்தார். அவருடைய மனிசி யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்கு நடுவே விசாவுக்குக் காத்திருந்தார். மனிசி பத்திரமாக வந்து சேர்ந்தால், இருவருமாக வந்து தேங்காய் உடைப்பதாக வேண்டுதல். குசினியில் காய் நறுக்கிக்கொண்டே சொல்லும் கதையில் இந்த இடம் வந்ததும் மூக்கை உறிஞ்சுவார். வெங்காயம் என்பார். கையில் பெரும்பாலும் உருளைக்கிழங்குதான் இருக்கும்.

அடுத்த வசந்தத்தில் அண்ணையின் மனிசி வந்து சேர்ந்தார், எங்களுக்கு அவர் அக்கா. நாங்கள் துள்ளிக் குதித்தோம். அண்ணைக்கு மட்டும் முகத்தில் ஈயாடவில்லை. ஜப்பானுக்கு இருவருமாக எப்படிப் போவது? நேர்த்தியைச் செய்யாமல் விட்டு அக்காவுக்கு ஏதும் ஆகிவிட்டால்? சோறு இறங்காமல் திரிந்தவர், ஒரு நாள் விடிய எங்களைத் தட்டி எழுப்பினார்.

"எழும்புங்கோடா! கடலெல்லாம் ஒண்டுதானே? இஞ்ச நிக்கிற தண்ணிதான் அங்கையும் போகுது. கடற்கரையில முடிப்பம்."

எங்கள் கட்டடத்தில் கழற்றி எறிந்திருந்த பழைய கதவு நிலையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். சாரதி ஒரு கேள்வியும் கேட்காமல் குழந்தை வண்டி நிறுத்தும் இடத்தைக் காட்டினார். கடற்கரையில் நிலையை நிமிர்த்தி ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்தோம். நாயோடு வந்த டேனிஷ்காரர் ஒருவர் வீடு மாறுகிறோமா என்று விசாரித்தார். கோயில் என்றேன். தொப்பியைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றார்.

அண்ணை விறைக்கும் கடலில் காலைக் கழுவி, நிலைக்குள் நுழைந்து, கைதட்டித் தேங்காயை ஓங்கி அடித்தார். தேங்காய் மணலில் புதைந்ததே தவிர உடையவில்லை. மறுபடி அடித்தார். மறுபடி புதைந்தது. அவர் முகம் வெளிறிவிட்டது. எங்களுக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

சேலைக்கு மேல் என் குளிர்ச்சட்டையைப் போட்டிருந்த அக்கா குனிந்து தேங்காயை எடுத்தார்.

"இஞ்சாருங்கோ, நேர்த்தி எனக்காண்டித்தானே வச்சனீங்கள்? நான்தான் வந்திட்டனே. விடுங்கோ, நான் உடைக்கிறன்."

அலை தடுக்கப் போட்டிருந்த கருங்கல்லில் ஒரே போடு. சில்லுச் சில்லாய்ச் சிதறியது. நாய் ஒரு சில்லைத் தூக்கிக்கொண்டு ஓடியது. டேனிஷ்காரர் பலமாகக் கைதட்டினார்.

"பார்த்தியளே, அவருக்கும் சண்டேசுவரரைத் தெரியுது!" என்று அண்ணை சிரித்தார். அப்போதும் மூக்கை உறிஞ்சினார். வெங்காயம் என்று சொல்ல அன்றைக்கு வழியிருக்கவில்லை.

எனக்கு அண்ணையை அவ்வளவு பிடிக்கும். இன்றும் எங்கேயாவது கதவில்லாத நிலை ஒன்றைக் கண்டால், சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் தாண்டுகிறேன்.