இடது காலுக்குத் தைலம், வலது காலுக்குச் சீமை மருந்து

சேசு மரி சூசை

பினாங்கு,
17 ஆகஸ்டு 1934

காரைக்காலில் வைத்தியத்தால் பேரும் புகழுமாக விளங்கும் மச்சான் மதலைமுத்து அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் லாரன்ஸ் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் அமலம்மாளும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான் என்பதை மிகுந்த மரியாதையுடன் தெரிவிக்கவே இக்கடிதம்.

இரண்டு முழங்காலிலும் பிடித்த மூட்டுவாதத்தால் பீடத்துக்கு முன் வலது முழங்காலை மடித்து வணங்க முடியாமல் நான் தூணைப் பிடித்து நின்றதைச் சாமியார் பார்த்துவிட்டார். "மாதா திருநாள் சுற்றுப்பிரகாரத்தில் இந்த வருஷம் பால்ராஜ் சிலுவை தூக்கட்டுமே" என்றார். வருஷக்கணக்காக நான் தூக்கிய சிலுவை, மச்சான்! எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சமயம் பார்த்துத் தங்கள் முடக்கத்தான் தைலம் கப்பலில் வந்தது. ஆபீசில் கிளார்க்காக இருந்தவன், எதையும் சோதிக்காமல் ஒப்புக்கொள்வேனா? இடது காலுக்குத் தங்கள் தைலம், வலது காலுக்கு இவ்விடத்து வெள்ளைக்கார டாக்டர் துரையின் சீமை மருந்து என்று பிரித்தேன். பீடத்துக்கு முன் மடங்க வேண்டிய காலில் போய் விஷப்பரீட்சை செய்ய முடியுமா? தேய்க்கும் வேலை தங்கள் தங்கைக்கு. நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டு நூர்ஜான் ஜன்னலைச் சாத்தினாளாம். பொடி போட்டு மரத்துப்போன என் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. "அண்ணன் அவ்வளவு தூரத்திலேருந்து அனுப்பியிருக்காரு, முக்கியமான காலுக்கே போடலாம்லா" என்று அமலம்மாள் முனகினாள். விஞ்ஞானம் அவளுக்கு எங்கே புரியப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

திருநாளன்று வலது முழங்கால் அழகாக மடங்கித் தரையைத் தொட்டது. கண் கலங்கிவிட்டது, மச்சான். எழுந்து சிலுவையை வாங்கினேன்; பால்ராஜ் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் இடது முழங்கால் பலாப்பழமாக வீங்கி, வழி நெடுக நொண்டினேன். முடிந்ததும் கோயில் வாசலில் எல்லார் முன்னிலையிலும் டாக்டர் துரையின் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். நாட்டு மருந்தைப் பற்றியும் நாலு வார்த்தை சொன்னேன். ஆகையால் இனி தைலம் அனுப்பித் தாங்கள் சிரமப்பட வேண்டாம்.

தேவமாதா தங்களுக்குத் தீர்க்காயுளும், தங்களிடம் வரும் நோயாளிகளுக்குப் பொறுமையும் தந்தருள்வாளாக.

இப்படிக்கு,
லாரன்ஸ்

பி.கு.: உறையை ஒட்டுமுன் அமலம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். அழத் தொடங்கிவிட்டாள். "நான் மொத நாளே ரெண்டு போத்தலையும் மாத்தி ஊத்திட்டேங்க. ஆண்டவர் முன்னால மடங்குற காலு அது. அண்ணன் மருந்து இருக்கறப்ப, அதுக்குப் போயி தொர மருந்தையா தேய்ப்பேன்?" என்கிறாள். கப்பல் தபால் இன்றே போவதால் திருத்தி எழுத நேரமில்லை. மேலே உள்ளதைப் படிக்காமல் விடவும். ஞாயிறு பூசைக்கு டாக்டர் துரை கண்ணில் படாமல் பக்கவாசலால் போகப்போகிறேன். தைலம் இன்னும் இரண்டு போத்தல் அனுப்பவும். இடது முழங்காலும் என்னுடையதுதான்.