ஏழாம் மேசையின் உழைப்பு

மனித குலத்தை உய்விக்க வந்தவை மூன்று: நெருப்பு, சக்கரம், இலவச மென்பொருள். முதல் இரண்டுக்கும் உடம்பு வளைய வேண்டியிருந்தது. மூன்றாவதற்கு 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்தினால் போதும். அதிலும் கிழட்டுக் கம்ப்யூட்டரைக் குமரனாக்கும் இலவச மென்பொருள் இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்தவருக்குச் சிலையே வைக்கலாம். சிலை இலவசமாகக் கிடைக்காததால் இன்னும் வைக்கவில்லை.

குடிநீர் வழங்கல் துறையின் அந்தக் கிளை அலுவலகத்துக்கு இந்த ஒளியைக் கொண்டுவந்தவன் டவுன்லோடு. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. ஒருமுறை பிரிண்டரை அணைத்துப் போட்டு ஓட வைத்தான். அன்று முதல் அவன் 'நிபுணன்'.

கிளையின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் காலம் கடந்தவை. ஒன்றுக்குப் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு எதிரே மேசை விசிறியைச் சுழலவிட்டிருந்தார்கள். இன்னொன்றைப் பேனா மூடியால் குத்தித்தான் எழுப்ப வேண்டும். புதியவை கேட்டு எழுதிய போதெல்லாம் தலைமை அலுவலகம் ஒரே பதிலை அனுப்பியது: 'இருப்பவற்றை எளிதாக்கிப் பயன்படுத்தவும்.'

டவுன்லோடு எளிதாக்கினான். குப்பை கூட்டும் நிரல், எழுத்தைப் பெரிதாக்கும் நிரல், தொலைந்த கோப்பைத் தேடும் நிரல், அந்த நிரல் எங்கே போனது என்று தேடும் நிரல். எல்லாம் இலவசம்.

அவனுடைய சாதனையின் சிகரம் 'விழிப்பு' என்ற நிரல். சற்று நேரம் மவுஸைத் தொடாவிட்டால் கிளையின் கம்ப்யூட்டர்கள் தூங்கிவிடும். தூங்குவதில் அவை அலுவலக மரபை மீறவில்லை, எழுந்திருப்பதில்தான் தகராறு. 'விழிப்பு' அதற்கு மருந்து. நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் அம்புக்குறியை மயிரிழை நகர்த்தும். யாரோ வேலை செய்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் நம்பிவிடும். பாவம், அதற்கு அந்த அலுவலகத்தைப் பற்றித் தெரியாது.

முதலில் ஏழாம் மேசையில்தான் வைத்தான். அங்கே உட்கார்ந்திருந்தவர் மாற்றலாகிப் போய் நெடுநாளாகிறது. ஆனால் பிரிண்டர் அந்தக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் ஓடியது. ஆகவே ஆள் இல்லாவிட்டாலும் அது இரவு பகலாக விழித்திருந்தாக வேண்டும். விழித்திருந்தது. அதைப் பார்த்து எல்லாரும் கேட்டார்கள். எல்லாருக்கும் வைத்துக் கொடுத்தான்.

கவுண்டர் அக்காவைத் தவிர.

கவுண்டர் அக்கா ஒப்பந்தப் பணியாளர். தண்ணீர் வராதவர்கள், வந்த தண்ணீர் நாறுகிறவர்கள், வராத தண்ணீருக்குக் கட்டணச் சீட்டு வந்தவர்கள் என்று அத்தனை பேரையும் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்து சமாளிப்பவர். பாதியைக் காதில் வாங்குவார். மீதியைத் திருப்பித் திட்டுவார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தண்ணீர் திறந்துவிடும் லைன்மேனை விரட்டுவார். இதில் மவுஸைத் தொட அவருக்கு ஏது கை?

அவருக்கும் 'விழிப்பு' வைத்துத்தான் பார்த்தான். முதல் நாளே அவர் அலறினார்.

"டேய் தம்பி, இங்க வா! 'தண்ணீர் வரவில்லை'ன்னு பதியப் போறேன், அம்பு தானா நகர்ந்து 'தீர்க்கப்பட்டது'ல போய் விழுது. இவர் வீட்டுல எப்படிடா தீர்ந்துச்சு?"

"அது சும்மா மயிரிழைதான்க்கா நகரும். நீங்க கொஞ்சம் பாத்து..."

"நான் இவர் மூஞ்சியப் பாப்பேனா, உன் அம்பப் பாப்பேனா? நீ அதை எடுக்கறியா, நான் ஒயரை எடுக்கட்டுமா?"

எடுத்துவிட்டான். முன்னேற்றத்தை எல்லாராலும் தாங்கிக்கொள்ள முடிவதில்லை.

இந்தச் சமயத்தில்தான் தலைமை அலுவலகம் 'உழைப்புமானி'யை அறிமுகப்படுத்தியது. யார் மேசையில் மவுஸ் எவ்வளவு நகர்கிறது என்று அங்கிருந்தபடியே அளக்கும் ஏற்பாடு. அதிகம் நகர்த்தியவருக்குக் கேடயம். குறைவாக நகர்த்தியவருக்கு 'விடுவிப்பு'. வேலையிலிருந்து துரத்துவதற்கு அவ்வளவு கண்ணியமான சொல்லை அந்தத் துறை அதுவரை கண்டதில்லை.

மாதக் கடைசியில் முடிவு வந்தது. மேலாளர் எல்லாரையும் கூட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"துறையிலேயே முதலிடம் நம்ம கிளைக்கு! முதல் பரிசு... ஏழாம் மேசை." நிமிர்ந்து பார்த்தார். "அங்க யாருய்யா இருக்கா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காலி நாற்காலி மட்டும் அடக்கமாக இருந்தது.

"ரெண்டாவது நான்," என்றார் மேலாளர் சற்று வெட்கத்துடன். வீட்டுக்குப் போகும்போது கம்ப்யூட்டரை அணைக்க மறப்பது அவர் பழக்கம். "கடைசி, கவுண்டர்."

கவுண்டர் அக்கா கையில் இருந்த போனை வைத்தார். "என்னது?"

"உங்க மவுஸ் அசையவே இல்லையாம்மா."

"மவுஸ் எதுக்கு சார் அசையணும்? காலையிலேர்ந்து என் வாய் அசையுதே, அதை அளக்க எதுவும் கண்டுபிடிக்கலையா?"

கூட்டம் கலைந்ததும் டவுன்லோடு கவுண்டருக்குப் பதுங்கிப் பதுங்கி வந்தான்.

"அக்கா, மறுபடி வச்சுத் தரேன். ஒரே மாசத்துல மேல வந்துடுவீங்க."

"ஒரு மாசம் எங்கடா இருக்கு? நாளைக்குத் தலைமை ஆபீஸ் மேடம் வராங்க, என் விடுவிப்புல கையெழுத்துப் போட." அக்காவின் குரல் முதல்முறையாக இறங்கியது. "பொண்ணுக்குக் காலேஜ் கடைசி வருஷம். இதை விட்டா எனக்கு வேற போக்கிடம் இல்ல தம்பி. நீதானே வச்சே? நீயே சொல்லிடு. அது மனுஷன் இல்ல, நிரல்னு சொல்லு. அது போதும்."

"சொல்றேன்க்கா. சத்தியமா."

சத்தியம் செய்த சூட்டோடு மேலாளர் அறைக்குப் போனான். மேலாளர் பொறுமையாகக் கேட்டார்.

"அதாவது, நாங்க யாரும் வேலை செய்யல, உன் நிரல்தான் செஞ்சுதுன்னு சொல்லப் போற?"

"உண்மை அதானே சார்?"

"அதனாலதான்யா சொல்லக் கூடாது. பொய்யா இருந்தா விசாரணையில தப்பிச்சுடலாம்."

மறுநாள் மேடம் வந்தார். பின்னால் ஓட்டுநர் கேடயத்தோடு வந்தார். மேடம் நேராக ஏழாம் மேசைக்குப் போனார்.

"எங்கே அவர்?"

"வெளியே போயிருக்கார் மேடம்," என்றார் மேலாளர்.

"மவுஸ் நகருதே?"

எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். அம்புக்குறி நாணத்தோடு மயிரிழை நகர்ந்து நின்றது.

ஜன்னலருகே இருந்து அக்கா டவுன்லோடையே பார்த்தார். 'சொல்லுடா' என்றது அந்தப் பார்வை.

டவுன்லோடு ஓரடி முன்னால் வந்தான். "மேடம், அது ஆள் இல்ல. ஒரு நிரல். நான்தான் வச்சேன்."

சொல்லிவிட்டான்! இனி இடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டான். விழவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். மேடம் முகம் மலர்ந்திருந்தது.

"என்ன விலை?"

"இலவசம் மேடம்."

"லீவு கேக்குமா?"

"கேக்காது மேடம்."

"ஒப்பந்தம், நிரந்தரம், சங்கம்...?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம்."

மேடம் உணர்ச்சிவசப்பட்டார். "இதைத்தான் இத்தனை நாளாத் தேடிட்டு இருந்தோம். எல்லா மேசையிலும் இருக்கா?"

"இருக்கு. கவுண்டர்ல மட்டும்தான்..."

"ஏன் இல்லை?"

இங்கே சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். 'அங்கே மட்டும்தான் நிஜமாக வேலை நடக்கிறது மேடம்.' வாக்கியம் டவுன்லோடின் நாக்கு நுனி வரை வந்தது. அந்த நேரம் பார்த்து மேடம் கேடயத்தை வாங்கி அவன் கையில் திணித்தார். 'எளிதாக்கல் செம்மல்' என்று பொன்னெழுத்து மின்னியது. கேடயம் கனமாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்தான். வாயும் சேர்ந்து மூடிக்கொண்டது.

"அவங்க வேண்டாம்னுட்டாங்க மேடம்," என்றார் மேலாளர் உதவிக்கு வந்து.

"மாற்றத்தை எதிர்க்கிற மனப்பான்மை," என்று மேடம் வருந்தினார். வருத்தத்தோடே கையெழுத்துப் போட்டார்.

கவுண்டர் அக்கா நாற்காலித் திண்டையும் தண்ணீர் பாட்டிலையும் பைக்குள் வைத்தார். போகிற வழியில் டவுன்லோடின் முன்னால் நின்றார்.

"அக்கா, நான் உண்மையைச் சொல்லிட்டேன்க்கா..."

"ஆமா தம்பி, பாதி வரைக்கும் நல்லாத்தான் சொன்னே. ஷீல்டு அழகா இருக்கு. நழுவிடப் போவுது, கெட்டியாப் பிடிச்சுக்கோ."

அடுத்த வாரமே கவுண்டரும் எளிதாக்கப்பட்டது. 'விழிப்பு' வைத்தார்கள். ஜன்னல் வெறுமையாக இருந்தால் நன்றாக இருக்காது என்று, மேற்பார்வைக்குச் செம்மலையே உட்கார வைத்தார்கள். துறை அவனை நம்பி எவ்வளவு பெரிய பொறுப்பை ஒப்படைத்திருக்கிறது என்பதை, கதவுக்கு வெளியே தெருமுனை வரை நீண்ட கூட்டத்தைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம்.

முதல் ஆள் லாண்டரிக்காரர். கையில் காலிக் குடம்.

"தம்பி, தண்ணி வந்து ஒரு வாரம் ஆச்சு. கடையே மூடிக் கெடக்கு. இங்க ஒரு அம்மா இருப்பாங்களே, கத்துவாங்க, ஆனா சாயங்காலம் தண்ணி வந்துடும். எங்க அவங்க?"

"விடுவிச்சுட்டாங்க. இப்ப எல்லாம் ஈஸி ஆயிடுச்சுங்க."

லாண்டரிக்காரர் குடத்தைப் பார்த்தார். பின்னால் நின்ற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் கண்ணாடிக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"யாருக்குங்க?"

டவுன்லோடு வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. லாண்டரிக்காரரும் அசையவில்லை, பதில் வாங்காமல் போவதில்லை என்று நின்றார். அப்படியே ஒரு நிமிடம் போனது. திரையில் அம்புக்குறி மயிரிழை நகர்ந்தது.

அந்த ஒரு நிமிடமும் அவன் மிகச் சிறப்பாகப் பணியாற்றியதாகத் தலைமை அலுவலகத்தில் பதிவானது.