பதினேழாவது வரியில் யாரோ

"உன்கிட்ட ஒண்ணு கேட்கணும்மா."

"சாயங்காலம் பேசலாம் அத்தை. பஸ் போயிடும்."

மூன்று மாதமாக மாமியாருக்கும் அவளுக்கும் நடந்துவந்த பேச்சு இவ்வளவுதான். சாயங்காலம் ஆனால் அவளுக்குத் தலைவலி வந்துவிடும். கல்யாணமாகி நாலு வருஷமான மருமகளிடம் ஒரு மாமியார் தயங்கித் தயங்கி வேறு என்ன கேட்பார்? பேரப்பிள்ளை எப்போது என்றுதான். அதற்கு அவளிடம் பதில் இல்லை. பஸ் மட்டும் இருந்தது. பேச்சைத் தள்ளிப்போடவே தன் பழைய லேப்டாப்பை அவரிடம் கொடுத்து, "பொழுது போகலைன்னா எதையாவது பாருங்க அத்தை" என்று சொல்லிவைத்திருந்தாள்.

இன்று காலை மட்டும் மாமியார் செருப்பு மாட்டும் இடம்வரை பின்னாலேயே வந்தார்.

"இன்னைக்கே கேட்டாகணும்மா."

"பஸ் அத்தை."

பஸ்ஸை விட்டாலும் இன்று வகுப்பை விட முடியாது. உயர்நிலை டேட்டாபேஸ் பாடத்தைப் பல்கலைக்கழகத்தில் கொண்டுவர அவள் இரண்டு வருஷம் மல்லுக்கட்டியிருந்தாள். துறைத்தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்: "இருபது பேர் இருந்தா பாடம் இருக்கும். பத்தொன்பதுன்னா இழுத்து மூடிடுவேன். யாரை வேணும்னாலும் சேருங்க, வயசு வரம்புகூடக் கிடையாது. கடைசி நாள் பன்னிரண்டு மணிக்கு நானே வந்து தலையை எண்ணுவேன்." அதை அவள் தன் வகுப்பு வீடியோக்களிலும் மூன்று முறை கெஞ்சாத குறையாக அறிவித்திருந்தாள்.

கடைசி நாள் இன்றுதான். கணினிப் பரிசோதனைக்கூடத்தில் சரியாக இருபது தலைகள் இருந்தன.

பதினொன்றரைக்கு முதல் குரல் வந்தது. "மேடம், நகர மாட்டேங்குது."

"எனக்கும்."

"எனக்கும் மேடம்."

ஒரு நூலகத்தின் புத்தகப் பட்டியலை எல்லோரும் சேர்ந்து திருத்துவதுதான் அன்றைய பயிற்சி. ஒருவர் ஒரு வரியைத் திருத்த ஆரம்பித்தால் அது பூட்டிக்கொள்ளும். அவர் முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். இப்போது பதினேழாவது வரிக்காக இருபது பேரும் காத்திருந்தார்கள்.

"யாரோ ஆரம்பிச்சிட்டு முடிக்காம விட்டிருக்கீங்க. முதல் வகுப்புலேயே என்ன சொன்னேன்?"

"ஆரம்பிச்சதை முடிக்காம நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது" என்று வகுப்பே ராகம் போட்டது.

"அப்ப எழுந்திருச்சது யாரு?"

"நீங்க மட்டும்தான் மேடம் நிக்கிறீங்க" என்றாள் கடைசி வரிசைக் கண்ணாடிக்காரி.

மேஜையில் போன் அதிர்ந்தது. அத்தை. துண்டித்தாள்.

பரிசோதனைக்கூட உதவியாளர் எட்டிப் பார்த்தார். இடுப்பில் சாவிகள் எப்போதும் குலுங்குவதால் அவருக்குச் சாவிக்கொத்து என்று பேர். சகல நோய்க்கும் அவரிடம் ஒரே மருந்துதான்.

"அணைச்சுப் போட்டுடலாமா மேடம்?"

"எதையாவது பண்ணுங்க."

பண்ணினார். பூட்டு விட்டது. அதோடு, சேமிக்காமல் வைத்திருந்த எல்லாருடைய வேலையும் போய்விட்டது. முன் வரிசை மாணவன் ஒரு மணி நேர உழைப்பு மறைந்த திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பையை எடுத்துக்கொண்டான்.

"நான் நெட்வொர்க் பாடத்துக்கே போயிடறேன் மேடம். அங்க ஏசியாவது வேலை செய்யுது."

பத்தொன்பது.

நாலு நிமிஷம் எல்லாம் நன்றாக ஓடியது. பிறகு மீண்டும் பதினேழாவது வரி பூட்டிக்கொண்டது. பூட்டியது யார் என்று பட்டியலைத் திரையில் போட்டுப் பார்த்தாள். அவள் பேர்தான் இருந்தது. வகுப்பு குலுங்கிச் சிரித்தது. அவசரமாகத் தன் கணினியை மூடினாள். பேர் அசையவில்லை.

"வெளியில இருந்து யாரோ உங்க பேர்ல வந்திருக்காங்க" என்றார் சாவிக்கொத்து.

"கழட்டி விடுங்க."

கழற்றினார். இரண்டு நிமிஷத்தில் அதே பேர், அதே பதினேழாவது வரி. மறுபடி கழற்றினார். மறுபடி வந்தது. கோபமோ அவசரமோ இல்லாமல், கதவைத் தட்டிக் காத்திருப்பதுபோல நிதானமாக வந்தது.

"விடாக்கண்டனா இருக்கானே" என்றார் சாவிக்கொத்து, கொஞ்சம் மரியாதையோடு.

போன் மறுபடி அதிர்ந்தது. அத்தை. பல்லைக் கடித்துக்கொண்டு துண்டித்தாள்.

"என் பாஸ்வேர்டைத் திருடிட்டாங்க. இப்ப மாத்தறேன் பாருங்க."

மாற்றினாள். விடாக்கண்டன் மறைந்தான். அடுத்த நொடி பத்தொன்பது திரைகளும் சேர்ந்து மறைந்தன. மாணவர்கள் அவரவர் பேரில் வந்தாலும், எல்லோரையும் உள்ளே விடுவது அவள் பாஸ்வேர்டுதான். வசதிக்காக அவளே முன்பு அப்படி அமைத்து வைத்திருந்தாள்.

"இப்படி ஒருநாளும் செய்யக் கூடாதுன்னு நாலாவது பாடத்துல சொன்னீங்களே மேடம்" என்றாள் கண்ணாடிக்காரி.

"சொன்னேன்."

"இது அதுக்கு உதாரணமா மேடம்?"

பதில் சொல்வதற்குள் துறைத்தலைவர் நுழைந்தார். கையில் பட்டியல். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம். அவர் பேனா முனையால் தலைகளை எண்ணினார். பிறகு கடைசி வரிசையிலிருந்து திருப்பி எண்ணினார்.

"பத்தொன்பதுதான் வருது. அப்ப பாடத்தை..."

"சார், ஒரு நிமிஷம் சார்."

போன் மூன்றாவது முறை அதிர்ந்தது. அவசரத்தில் துண்டிக்கும் பொத்தானுக்குப் பதில் எதையோ தொட்டுவிட்டாள். மாமியாரின் குரல் ஸ்பீக்கரில் கூடம் முழுக்கக் கேட்டது.

"வெச்சிடாதேம்மா. இன்னைக்குக் கேட்டே தீரப் போறேன். மூணு மாசமா தொண்டையிலேயே நிக்குது."

பத்தொன்பது பேரும் நிமிர்ந்தார்கள். துறைத்தலைவர் நாகரிகமாகச் சுவரைப் பார்த்தார். அவளுக்கு முகம் எரிந்தது.

"அத்தை, இங்க எல்லாரும் இருக்காங்க. சாயங்காலம்..."

"பன்னிரண்டோட முடிஞ்சிடும்னு நீதானேம்மா வீடியோவில சொன்னே. நீ கொடுத்த லேப்டாப்புல உன் பேர்லயே உள்ள வந்து, பதினேழாவது வரியை ஆரம்பிச்சிட்டு அடுத்து என்னன்னு நோட்டுல பார்க்கிறதுக்குள்ள என்னைத் தள்ளித் தள்ளி விட்டாங்க, இப்போ பாஸ்வேர்டையும் மாத்திட்டாங்க. இனிமே திருட்டுத்தனமாப் படிக்க முடியாது, உன் வகுப்புல என்னையும் ஒரு ஆளாச் சேர்த்துக்கிறியா?"