பறவை விரட்டியில பெரியப்பா

நேத்து எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். பெரியப்பாவை வண்டியில ஏத்திக்கிட்டு வலங்கைமான் கடைத்தெருவுக்குப் போகணும், பறவை விரட்டி மெஷின் ஒண்ணு வாங்கணும், திரும்பணும்.

குறுவைக்கு நேரடியா விதைச்சிருக்கார். விதைச்ச நெல்லை மயிலும் புறாவும் கூட்டணி போட்டுப் பொறுக்குது. வரப்புல நின்னு கத்திக் கத்தி பெரியப்பாவுக்குத் தொண்டையே போச்சு.

அந்தக் கத்தல் எங்க ஊர்ல பிரசித்தம். மொதல்ல 'க்ர்ரும்'னு ஒரு செருமல். அப்புறம், "ஏய்ய்ய்! எவன் வயல்ல எவன்டா மேயறது! உங்கப்பன் வூட்டு நெல்லாடா!" கொக்கு பறக்கும். மாடு நகரும். பஸ்ஸுக்கு நிக்கிற சனம்கூட கொஞ்சம் தள்ளி நிக்கும்.

இப்பேர்ப்பட்ட கலையை உலகத்துக்குக் குடுக்க வேணாமா? போன மாசம் அடுப்படியில நின்னு அதே குரல்ல கத்தி, பதிவு பண்ணி, 'பறவை விரட்டும் ஒலி'ன்னு நெட்ல போட்டேன். இலவசம்!

கீழ சட்டமும் எழுதினேன். "யார் வேணும்னாலும், எத்தனை தடவை வேணும்னாலும் பயன்படுத்தலாம். என் பேரைப் போடணும். காசுக்கு விக்கக் கூடாது." வக்கீல் தோத்தார் போங்க!

பெரியப்பாகிட்ட மட்டும் சொல்லல. அவர் என்ன நெட்டுக்கா வரப்போறார்?

கடைக்காரர் மூக்கடைச்ச குரல்ல ஆரம்பிச்சார். "புது மாடலுங்ங்க. ஆள் குரல் ஒண்ணு நானே உள்ள ஏத்தியிருக்கேங்ங்க. போட்டுக் காட்டவா?"

பட்டனை அழுத்தினார்.

'க்ர்ரும்.'

நான் நெட்ல போட்ட அதே செருமல்! "ஏய்ய்ய்! எவன் வயல்ல எவன்டா..."

பெரியப்பா முகத்துல அப்படி ஒரு பரவசம். "யாருய்யா இந்த ஆளு? என்னா கம்பீரம்! இப்படி ஒரு குரல் நம்ம பக்கம் யாருக்கும் கிடையாதே!"

தன் குரல் தனக்கே தெரியல! நான் அப்பவே வாயை மூடிக்கிட்டிருக்கலாம். அறிவுள்ளவன் மூடியிருப்பான்.

"அண்ணே, இது என்னோடது! என் பேரு எங்க? காசுக்கு விக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தேனே!" போனை எடுத்து, என் சட்டம் மொத்தத்தையும் கடையே கேக்கற மாதிரி வாசிச்சேன்.

"குரலுக்குக் காசே இல்ல தம்பி. பெட்டிக்குத்தான் காசு."

"காப்பிரைட்னு ஒண்ணு இருக்குண்ணே!"

"இருக்கட்டுமே. நீதான் கத்துனேங்கிறதுக்கு என்ன சாட்சி?"

"கடைசி வரைக்கும் ஓட விடுங்க."

ஓட விட்டார். கத்தல் முடிஞ்சுது. பின்னாடியிருந்து எங்கம்மா: "டேய் கதிரு, பால் பொங்குது பாருடா! அடுப்பை நிறுத்தித் தொலை!"

வெட்டச் சோம்பேறித்தனப்பட்டு விட்ட துண்டு. எத்தனை வயல்ல எங்க வீட்டுப் பால் பொங்குதோ!

பெரியப்பா நிமிர்ந்தார். "இது உங்கம்மால்ல?"

"ஆமா பெரியப்பா!" ஜெயிச்ச சந்தோஷத்துல பல்லைக் காட்டினேன்.

"அப்ப கத்தறது நீயா? உன் குரல் தகர டப்பா மாதிரியில்ல இருக்கும். இது யாரு மாதிரிடா?"

"அது... பொதுவா... ஒரு விவசாயி..."

"க்ர்ரும்! எவன்கிட்ட எவன்டா கதை விடறது!"

பூச்சி மருந்து வாங்க வந்தவர் மெஷினைப் பாத்தார். பெரியப்பாவைப் பாத்தார். "அட, ஒரிஜினலே இங்க நிக்குது!"

கடைக்காரர் முகத்துல என்னா ஒரு வெளிச்சம்! "ஏன் தம்பி, நான் உன்னைக் கேக்காம எடுத்தேன், தப்புதான். நீ அவரைக் கேட்டியா?"

காப்பிரைட் பத்தி எனக்குத் தெரிஞ்சது பூரா அந்த நிமிஷமே மறந்துபோச்சு.

"பேருதானே போடணும்? போட்டுருவோம்." மார்க்கரை எடுத்து எல்லாப் பெட்டி மேலயும் எழுதினார். என் பேரை இல்ல! பெரியப்பா பேரைக் கேட்டு, 'குரல்: கோவிந்தராசு'ன்னு.

பெரியப்பா கண்ணாடியை மாட்டிப் பாத்தார். "பின்னாடி 'ஐயா' சேருய்யா. எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும்."

"அப்ப உங்களுக்கு ஒரு பெட்டி போட்டுரவாங்க?"

"என் குரலை நானே காசு குடுத்து வாங்கணுமா?" என் தோள்ல கை விழுந்துச்சு. "'யார் வேணும்னாலும், எத்தனை தடவை வேணும்னாலும்'னு இப்பதானே வாசிச்சே?"

மெஷினுக்குப் பதிலா வரப்புல உக்காந்துதான் இதை டைப் பண்றேன். இப்பதான் விடியுது. நான் கத்தினா புறா பறக்குது. மயில் மட்டும் கழுத்தை நீட்டிப் பாத்துட்டு மறுபடி பொறுக்குது. அதுக்கு ஒரிஜினல் எது, காப்பி எதுன்னு நல்லாவே தெரியுது.

நெட்ல எதையாவது இலவசமாப் போடறவங்க கீழ ஒரு வரி சேத்துக்கோங்க மக்களே: இந்த அனுமதி சத்தத்துக்கு மட்டும்தான், ஆளுக்கு இல்ல.